கொட்டடியின் புதிய பெயர்கள்: சிறைச் சீர்திருத்தச் சட்டங்களை வாசித்தல்

1

மேற்கு வங்கத்தில் ஜெயில் கிடையாது. 2000ஆம் ஆண்டிலிருந்தே கிடையாது. அங்கே இருப்பவை 'சம்சோதனாகார்'கள். தமிழில் சொன்னால் திருத்த இல்லங்கள். இடது முன்னணி அரசு 1992இல் 'மேற்கு வங்கத் திருத்தப் பணிகள் சட்டம்' என்று ஒன்றை நிறைவேற்றி, எட்டு வருஷம் கழித்து 2000இல் அமலுக்குக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் அத்தோடு அங்கே விடைபெற்றது. அலிப்பூரும் டம்டமும் பிரசிடென்சியும் ஜெயில்களாக இருந்து இல்லங்களாக மாறின. சுவர் அதே சுவர், பூட்டு அதே பூட்டு. உள்ளே இருக்கிறவனும் அதே ஆள்தான்.

இதைக் கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. பெயர் மாற்றுவது சின்ன விஷயமல்ல. ஒரு நிறுவனம் தன்னை என்னவென்று அழைத்துக் கொள்கிறது, எந்தச் சொல்லை விட்டுவிடுகிறது என்பதெல்லாம் அதிகாரத்தின் சொல்லாடல் சார்ந்த கேள்விகள். சட்டத்தை வக்கீல்கள் வாசிக்கிற விதம் ஒன்று. எந்தப் பிரிவில் பெயில் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று அவர்கள் பார்ப்பார்கள். அது அவசியமான வாசிப்பு. ஆனால் சட்டம் ஒரு பிரதியும்கூட. அதற்கு ஒரு கதைசொல்லி உண்டு, ஒரு கதாபாத்திரம் உண்டு, மௌனங்கள் உண்டு. நாவலை இத்தனை விதமாக வாசிக்கக் கற்றுக்கொண்ட நாம், லட்சக்கணக்கானோரைப் பூட்டி வைத்திருக்கும் ஒரு பிரதியை ஏன் வாசிக்காமல் விட்டோம் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

2

சிறை என்று ஒன்று வந்த நாளிலிருந்தே சிறைச் சீர்திருத்தமும் கூடவே வந்துவிட்டது, சீர்திருத்தம் என்பது சிறையின் வேலைத்திட்டத்திலேயே ஓர் அங்கம் என்று ஃபூக்கோ 1975இல் வெளியான தமது சிறை பற்றிய நூலில் வாதிடுகிறார். சிறை தோற்றுப்போகிறது, உடனே ஒரு கமிட்டி வருகிறது, சிறைக்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் சிறையை அது எழுதித் தருகிறது. ஐரோப்பாவை வைத்துச் சொன்னது இது. இங்கே பொருந்துமா என்று கேட்பவர்கள் இந்தக் கமிட்டிகளின் வரிசையைப் பார்க்கலாம்.

மெக்காலே 1835இல் எழுப்பிய பிரச்சினையின் பேரில் அமைக்கப்பட்ட சிறை ஒழுங்குக் குழு 1838இல் அறிக்கை தந்தது. கைதிக்குப் படிப்பு, நன்னெறி, நன்னடத்தைக்குச் சலுகை எல்லாம் வேண்டாம் என்று அது தெரிந்தே ஒதுக்கியது. வேலை கடுமையாக இருந்தால் போதும் என்றது. பிறகு 1864, 1877, 1889 என்று வரிசையாகக் கமிட்டிகள். அவற்றின் வண்டல்தான் 1894ஆம் ஆண்டுச் சட்டம். சிறைக்குள் செய்யும் குற்றங்களுக்கு விலங்கு, சாக்குத்துணி உடுப்பு, தனிக் கொட்டடி, முப்பது வரை கசையடி என்று பட்டியல் போட்ட சட்டம் அது. திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று அரசுத் தரப்பில் முதலில் உறுதியாகச் சொன்னது 1919-20இன் சிறைக் கமிட்டி. சுதந்திரத்துக்குப் பிறகு முல்லா கமிட்டி (1980-83), பெண் கைதிகளுக்காகக் கிருஷ்ணய்யர் கமிட்டி (1987), மாதிரிக் கையேடுகள் 2003இலும் 2016இலும். கடைசியாக 2023 மே மாதத்தில் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பி வைத்த 'மாதிரிச் சிறைகள் மற்றும் திருத்தப் பணிகள் சட்டம்'.

சிறை என்பது அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் நான்காவது இனம். ஆகவே டெல்லி எழுதித் தரலாமே தவிரத் திணிக்க முடியாது. டெல்லி யூனியன் பிரதேசம் 2000இலும் கேரளம் 2010இலும் தமக்கென்று தனிச் சட்டம் செய்துகொண்டன. தமிழ்நாட்டில் துறையின் பெயர்ப் பலகையில் 'சீர்திருத்தப் பணிகள்' ஏறிவிட்டது. அதாவது சொல் எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சொல்லோடு என்ன போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

3

சிறைச் சட்டம் என்பது ஒரு பிரதி அல்ல, இரண்டு பிரதிகள். ஒன்று, சட்டசபையில் நிறைவேறும் சட்டம். இன்னொன்று, அந்தச் சட்டத்தின் கீழ் நிர்வாகம் எழுதிக்கொள்ளும் விதிகள், அதாவது ஜெயில் மேனுவல். சட்டம் வீட்டுத் திண்ணை மாதிரி. வர்றவன் போறவன் எல்லாம் பார்க்கலாம், துடைத்து வைத்திருப்பார்கள். மேனுவல் கொல்லைப்புறம். யார் அந்த வழியாக வருவது, எதைச் சுமந்துகொண்டு வருவது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும்.

1992இல் திண்ணை கட்டிய மேற்கு வங்கத்தின் கொல்லைப்புறம் எப்படி இருந்தது? அங்கே 1967ஆம் ஆண்டு ஜெயில் விதித்தொகுப்பு இருந்தது. அதில் ஒரு விதி, துப்புரவு வேலைக்கு மேத்தர், ஹாரி, சண்டாளர் என்று சாதிப் பெயர் சொல்லி ஆள் எடுக்கச் சொன்னது. இன்னொரு விதி, கொட்டடிகளுக்கு உணவு சமைத்துக் கொண்டுபோகிறவர் 'பொருத்தமான' சாதிக்காரராக இருக்க வேண்டும் என்றது. மற்றவர் சமைத்ததைச் சாப்பிட முடியாத அளவுக்கு ஒருவர் உயர்ந்த சாதியென்றால், அவரையே எல்லோருக்கும் சமையல்காரராக்கி விடலாம் என்றது வேறொரு விதி. கைதிகளில் ஒருவரை இரவுக் காவலுக்குப் போடும்போது, தப்பியோடும் இயல்பு கொண்ட நாடோடிக் குலங்களைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது என்று நிபந்தனை.

இதெல்லாம் பழைய தூசு, யாரும் துடைக்க மறந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். உத்தரப்பிரதேச ஜெயில் மேனுவல் 2022ஆம் ஆண்டினுடையது. சாதாரணச் சிறைத் தண்டனை பெற்றவரை இழிவான வேலை செய்யச் சொல்லக்கூடாது, அப்படிப்பட்ட வேலைக்குப் பழக்கப்பட்ட சமூகத்தவராக இருந்தாலொழிய என்று அதிலும் விதி இருந்தது. நூற்றாண்டுகளை எளிதாகத் தாண்டி வந்துவிடுகிறது இந்த 'பழக்கம்'.

இந்த விதிகளின் வேரைத் தேடினால் காலனியச் சிறையின் அடுப்படிக்குப் போய்ச் சேர்வோம். 1840களில் வங்க மாகாணச் சிறைகளில் கைதிகள் தனித்தனியே சமைத்துக் கொள்வதை நிறுத்திப் பொதுச் சமையலைக் கொண்டுவந்தார்கள். பிகார் சிறைகளில் கலவரம் வெடித்தது. 1855இல் பித்தளைச் சொம்பைப் பறித்துவிட்டு மண்பாண்டம் கொடுத்தபோது ஆராவிலும் முசாபர்பூரிலும் சிறைக்குள் மட்டுமல்ல, ஊருக்குள்ளும் கொந்தளிப்பு. அரசு பின்வாங்கியது. சாதியோடு மோதினால் சிறையை நடத்த முடியாது என்பது அது கற்ற பாடம். எதிர்த்தவனின் சாதி ஆசாரம் சமையலறை விதியாகி ஏட்டில் ஏறியது. எதிர்க்க வழியில்லாதவனின் 'பரம்பரைத் தொழில்' கக்கூஸ் விதியாகி ஏறியது. ஏகாதிபத்தியமும் பார்ப்பனியமும் கைகுலுக்கிய இடம் எது என்று கேட்டால், பல இடங்களில் ஒன்றாக இந்த அடுப்படியையும் காட்டலாம்.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020இல் இந்த விதிகளைப் பற்றி எழுதினார். பிறகு அவரே உச்ச நீதிமன்றம் போனார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு, சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதும் ஆளைப் பிரிப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லி அந்த விதிகளை ரத்து செய்தது. தீண்டாமையைத் தடைசெய்யும் 17ஆம் பிரிவும் கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவும் தீர்ப்பில் சேர்ந்து வருகின்றன. பதிவேடுகளில் கைதியின் சாதியைக் குறிக்கும் பத்தியையே நீக்கச் சொன்னது நீதிமன்றம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1992க்கும் 2024க்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். வர்க்கம் பற்றி ஓயாமல் பேசியவர்கள் ஆண்ட மாநிலத்தில், தலைமைப் பிரதியில் 'திருத்தம்' என்றும் கீழ்ப்பிரதியில் 'மேத்தர்' என்றும் ஒருசேர எழுதியிருந்திருக்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாகக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நமது இடதுசாரிப் பாரம்பரியம் இதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பெண் நிருபர் சில மேனுவல்களைப் பொறுமையாகப் படித்ததால் நடந்த காரியம் இது. ஆக, வாசிப்பும் ஒரு அரசியல் நடவடிக்கைதான்.

4

தமிழ்நாடு இதில் சுத்தமில்லை. அந்தத் தீர்ப்பிலேயே பாளையங்கோட்டை மத்தியச் சிறை வருகிறது. தேவர், நாடார், பள்ளர் என்று கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்து வைத்த விவகாரம். இதை எதிர்த்த வழக்கில் அரசு சொன்ன பதில் நமக்கெல்லாம் தெரிந்த பதில்தான்: ஒண்ணா வெச்சா வெட்டிக்குவாங்க. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. 2024இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பாற்றுவது சிறை நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதிப் பிரிவினையைக் கருவியாக்க முடியாது என்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'வெட்டிக்குவாங்க' என்பது வெறும் சாக்கு என்று நாமும் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. கொடியன்குளம் (1995) முதலாகத் தென்மாவட்டங்களில் நடந்தவற்றை அறிந்தவர்கள், உள்ளே போன ஒரு தலித் இளைஞன் தன் சனத்தோடு இருந்தால் உயிருக்குப் பயமில்லை என்று நினைப்பதைப் புரிந்துகொள்வார்கள். பிரிவினையைப் பாதுகாப்பாக அனுபவித்தவர்களும் இருக்கலாம். அவர்களிடம் போய் அரசியல் சாசனப் பிரிவை வாசித்துக் காட்டுவது வெளியிலிருப்பவனின் மேட்டிமைத்தனம்.

ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடலாம். ஊரில் சேரி தனி, ஊர் தனி என்று இருப்பதற்கும் இதே நியாயம்தானே காலங்காலமாகச் சொல்லப்பட்டது? பிரித்து வைத்தால் சண்டை வராது என்பது சமாதானத்தின் தர்க்கமல்ல, சாதியின் தர்க்கம். அரசு ஒரு மனிதனை அவனது எல்லாத் தொடர்புகளிலிருந்தும் பிடுங்கி எடுத்துத் தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் இடம் சிறை. நேரம், உணவு, உடை, தூக்கம் எல்லாமே அரசின் கையில். சாதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளும் அரசு, சாதியை மட்டும் பத்திரமாக அவனிடமே திருப்பிக் கொடுத்து, அதன்படி அறையும் ஒதுக்குகிறது என்றால் அதை எப்படி வாசிப்பது? பாதுகாப்பாவது கிடைத்ததா? 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறைக்குள் ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் செத்த ஊர்வலத்தின் கோரிக்கைகளில் ஒன்று, சிறையில் அடைக்கப்பட்ட மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுதலை செய் என்பது. கூலி கேட்டவர்கள் உள்ளே. அவர்களை விடச் சொன்னவர்கள் ஆற்றில். சிறையும் சாதியும் உழைப்பும் ஒரே முடிச்சாக விழுந்த நாள் அது. சிறைச் சீர்திருத்தத்தைத் துறைசார் நிபுணர்களின் விஷயமாக ஒதுக்கி வைப்பவர்கள் இந்த நாளைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

5

மேற்கு வங்கச் சட்டத்தைக் குறை மட்டும் சொல்லிப் போவது நியாயமல்ல. இந்தியச் சிறைச் சட்டங்களில் அபூர்வமான ஒரு காரியத்தை அது செய்தது. 'அரசியல் கைதி' என்ற சொல்லை வரையறுத்தது. சொந்த ஆதாயமோ உள்நோக்கமோ இல்லாமல், அரசியல் அல்லது ஜனநாயக இயக்கத்தின் பொருட்டுச் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம், அது எந்தச் சட்டத்தின்படி தண்டனைக்குரியதாக இருந்தாலும், அரசியல் குற்றம் என்றது. அரசியல் பகையால் வழக்குப் போடப்பட்டவராகக் கருதப்படுபவரையும் சேர்த்துக்கொண்டது. இதை எழுதிய கட்சியின் தலைவர்கள் பலர் ஜெயிலை உள்ளிருந்து பார்த்தவர்கள். அந்த அனுபவத்தின் ரேகை இந்த வரையறையில் இருக்கிறது.

இதன் முன்கதை லாகூரில் தொடங்குகிறது. அரசியல் கைதிகளுக்கு மனித மரியாதை கேட்டு உண்ணாவிரதம் இருந்த ஜதீன் தாஸ் 63 நாட்களுக்குப் பிறகு 1929 செப்டம்பர் 13 அன்று இறந்தார். அரசு 1930இல் ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்தது. படிப்பு, அந்தஸ்து, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைப் பார்த்து வகுப்பு. அரசியலுக்காகக் கேட்டதை அந்தஸ்துக்காகக் கொடுத்தார்கள். கோரிக்கையின் உயிரை எடுத்துவிட்டு உடலை மட்டும் ஏற்றுக்கொள்வதில் ஆட்சியாளர்களுக்கு நிகரில்லை.

1992இன் வரையறைக்கு என்ன நேர்ந்தது? 2012இல் மாவோயிஸ்டுகள் எனக் குற்றம் சாட்டப்பட்ட சிலருக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அப்படியே வாசித்து அரசியல் கைதி என்ற தகுதியைக் கொடுத்தது. அடுத்த வருஷமே, அரசியல் கைதிகளை விடுவிப்போம் என்று சொல்லி 2011இல் ஆட்சிக்கு வந்த திரிணாமுல் அரசு சட்டத்தைத் திருத்தியது. தடைசெய்யப்பட்ட அமைப்பினருக்கும் பயங்கரவாதக் குற்றச்சாட்டு உள்ளவர்களுக்கும் இனி அந்தத் தகுதி கிடையாது. யாரைத் தடைசெய்வது, எது பயங்கரவாதம் என்று முடிவு செய்வதும் அரசுதானே. ஆக, அரசியல் கைதி யார் என்று சொல்லும் உரிமை முழுசாக அரசின் கைக்கே திரும்பிப் போனது. திருத்த இல்லத்தில் உருப்படியாக நடந்த திருத்தம் இது ஒன்றுதான் போலிருக்கிறது: சட்டத்தைத் திருத்தினார்கள்.

திருச்சிப் பக்கம் பிறந்து ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய அந்தக் கிழவர் தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல விசாரணை அமைப்பு இருபது நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே 84 வயதில் இறந்தார். ஒரு உறிஞ்சுகுழலுக்கு இருபது நாள் என்பதைவிடச் சிறையின் இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லும் வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

6

2023 மாதிரிச் சட்டத்துக்கு வருவோம். திறந்தவெளிச் சிறை, சட்ட உதவி, தொழிற்பயிற்சி, பெண்களுக்கும் திருநர்களுக்கும் தனி ஏற்பாடு என்று நல்லவை இருக்கின்றன. கூடவே உயர் பாதுகாப்புச் சிறை இருக்கிறது. மின்னணுக் கருவியை உடம்பில் கட்டிக்கொள்ளச் சம்மதித்தால் விடுப்பு தரலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதாவது சிறை இனி சுவருக்குள் முடியாது, கணுக்காலில் கட்டிக்கொண்டு ஊருக்கே வரும். கண்காணிப்பு கோபுரத்தை விட்டிறங்கி உடலுக்குள் குடியேறுவது பற்றிப் பக்கம் பக்கமாகக் கோட்பாடு பேசியிருக்கிறோம். அது இப்போது சட்டப் பிரிவாக வந்திருக்கிறது.

'வழக்கமான குற்றவாளி' என்ற பிரயோகமும் உள்ளே இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு ஒரு ஊர் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்க மறுத்துச் சுடப்பட்டவர்களின் ஊரான பெருங்காமநல்லூர்தான் அது. பரம்பரை போய் வழக்கம் வந்தது. சொல் நாகரிகமானது, ஆள் மாறவில்லை. 2024 தீர்ப்பு இந்தச் சொல்லின் தெளிவின்மையையும், சீர்மரபினர் மேல் அது பாயும் விதத்தையும் சுட்டிக்காட்டியது. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவு மாதிரிச் சட்டத்தில் இல்லவே இல்லை என்பதையும் சுட்டியது. பிறகுதான் 2024 டிசம்பர் கடைசியில் உள்துறை 55(அ) என்று ஒரு பிரிவை ஒட்டவைத்தது. 2023இல் உட்கார்ந்து புதிதாக எழுதியவர்களுக்குச் சாதி ஞாபகம் வரவில்லை என்பதைத்தான் இந்த 'அ' சொல்கிறது.

இதையெல்லாம்விட அடிப்படையான ஒன்று 'திருத்தம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் மீது எந்தக் கோர்ட்டும் குற்றம் நிரூபணமாச்சுன்னு சொல்லவில்லை. அப்புறம் யாரை, எதிலிருந்து திருத்துகிறீர்கள்? உள்ளே வந்துவிட்டாலே திருத்தப்பட வேண்டியவன் என்ற முன்முடிவு அந்தச் சொல்லின் அடிவயிற்றில் இருக்கிறது. கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்பதோடு சேர்த்து வாசித்தால், திருத்தப்பட வேண்டியவர்களாக இந்தச் சமூகம் யாரை நினைக்கிறது என்பது புரியும்.

ஒரு மத்தியச் சிறை வாசலில் 'மனு' பார்க்க நின்ற வரிசையில் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகன் உள்ளே போய் இரண்டு வருஷமாம்.

"பெயில் கெடைக்கலியாம்மா?"

"கெடச்சுதுப்பா. ரெண்டு பேரு ஜாமீன் கையெழுத்துப் போடணுமாம், வூட்டு வரி ரசீது வேணுமாம். நாங்க குந்தியிருக்கறதே பொறம்போக்கு. ரசீதுக்கு எங்க போவேன்?"

2023இன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பிரிவு 479), முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் இது கிடையாது என்று அடுத்த வரியிலேயே பூட்டு. ஒரே ஆள்மேல் நாலு கேஸ் போடுவது நம்மூர் ஸ்டேஷன்களில் எவ்வளவு நேர வேலை என்று அந்த வரிசையில் நிற்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

7

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5)இன்படி சிறையில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. தடுப்புக் காவலில் இருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. யாருக்காகச் சட்டமோ அவர்கள் அந்தச் சட்டத்தை எழுதுகிறவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. சீர்திருத்தம் எப்போதும் மேலிருந்தே வருவதன் ரகசியம் இதில் பாதி அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி நமது அக்கறையின்மை.

ஃபூக்கோவை இங்கே நாம் பாதிதான் எடுத்துக்கொண்டோம். 1971இல் அவரும் நண்பர்களும் 'சிறைத் தகவல் குழு' ஒன்றை அமைத்தார்கள். சிறை வாசலில் நிற்கிற குடும்பத்தாரிடம் கேள்வித்தாள் கொடுத்து, உள்ளே இருப்பவர்களின் வாயால் உள்ளே நடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். கைதிகளுக்காகப் பேசுவதல்ல, கைதிகள் பேச வழி செய்வதே வேலை என்றார்கள். அவரது நூல் அதற்குப் பிறகு வந்தது. நாமோ நூலை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டுவிட்டோம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. தமிழ்நாட்டுச் சிறை விதிகளை வரி வரியாகப் பொதுவில் வாசிக்கலாம். 2024 தீர்ப்புக்குப் பிறகு எந்தச் சிறையில் எந்தப் பிரிவினை எடுபட்டது, பதிவேட்டில் சாதிப் பத்தி போனதா, கக்கூஸ் கழுவுவது யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சிறைகளுக்கு அதிகாரி அல்லாத பார்வையாளர்களை நியமிக்க ஏற்பாடு உண்டு. அந்த இடங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று விசாரிக்கலாம். சட்டசபைக்குப் புதிய மசோதா வரும் நாளில் திண்ணையைப் பார்த்துக் கைதட்டாமல் கொல்லைப்புற விதிகளையும் கூடவே வையுங்கள் என்று சொல்லலாம்.

அந்த அம்மாவிடம் வாசல் பலகையைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கு தெரியுமா என்று கேட்டேன். எழுத்துத் தெரியாதாம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செயிலுன்னுதான் போட்டிருப்பான். வேற இன்னா போடுவான்?"